வெட்கப்பட ஒருவரைத் தேடியவர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எந்த வீட்டுக்குள் நுழைந்து எந்தக் குடத்தைத் தூக்கிப் பார்த்தாலும், அதில் இருக்கும் பெயரை வெட்டியவர் கன்னியப்பன் அண்ணனாகத்தான் இருப்பார். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடைச் சுவரை ஒட்டி ஒரு சின்ன ஒண்டுக்கடை அவருடையது. ஒரு உளி, ஒரு சுத்தி, முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான் தொழில். கல்யாணச் சீரோ காதுகுத்தோ, வாங்கின பாத்திரம் அவரிடம் வந்து பெயர் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகும். நேர் எதிரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை என்னுடையது. என் பெயர் கண்ணையன். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் தட்டுகிற சத்தம் என் காதில் விழும். அதைவிட அதிகமாக அவர் புலம்பல் விழும்.

மனுஷனுடைய பவிசைப் பார்க்க வேண்டுமானால் பெயர் வெட்டுகிற கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பார். உள்ளங்கை உயர டம்ளரைக் கொடுத்து அப்பன் பெயர், பாட்டன் பெயர், பார்த்த உத்தியோகம், செய்த தர்மம் எல்லாவற்றையும் அதில் ஏற்றச் சொல்வார்கள். ஒருத்தர் கரண்டிக் காம்பின் இரண்டு பக்கமும் பெயர் கேட்டார். கரண்டி குப்புற விழுந்தாலும் பெயர் குப்புற விழக் கூடாதாம். கோயிலுக்குத் தூக்குவிளக்கு கொடுத்த இன்னொருத்தர் எண்ணெய் ஊற்றுகிற குழிக்குள்ளும் பெயர் வெட்டச் சொன்னார். வெட்டி மாட்டியதும், பெயர் மறைகிறது என்று எண்ணெய் ஊற்றவே விடவில்லை. அந்த விளக்கு கடைசி வரைக்கும் எரியாமலே தொங்கியது.

இதையெல்லாம் பொறுமையாக வெட்டிக் கொடுத்துவிட்டு, ஆள் தெரு முனை திரும்பியதும், "இவனுங்களுக்கு வெட்கமே கெடையாதாடா கண்ணையா?" என்று என்னைப் பார்த்துக் கத்துவார். என்னவோ அவர்களையெல்லாம் நான்தான் பெற்றுவிட்டவன் மாதிரி.

ஐம்பத்து நாலாம் வருஷம் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் சொல்லிக்கொடுத்த வயதான முசே, அதாவது வெள்ளைக்காரத் துரை, ஒருவர் இருந்தார். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாது. தாடி முசே என்போம். கப்பல் ஏறுவதற்கு முன் வீட்டுப் பித்தளைச் சாமான்களை விற்கப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. அடுத்தவன் பெயர் இருந்தால் எவன் வாங்குவான் என்று நினைத்து, சுரண்டி எடுக்கச் சொல்லிக் கன்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் பாதியைச் சுரண்டி முடித்திருந்தார். வாங்க வந்தவர்கள் சுரண்டியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரை பெயர் இருந்த மீதிக்குத்தான் அடிதடி. நூல் வியாபாரி ஜானகிராமன் துரை பெயர் போட்ட எச்சில் படிக்கத்தை வாங்கிப்போய், கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

முசே சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாராம். சிரித்து முடித்து, பெட்டியிலிருந்து ஓர் அட்டைக் கட்டை எடுத்து அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். உள்ளே பழைய படங்கள். ஸ்பானியா தேசத்தில் எவனோ ஒருத்தன் செம்புத் தகட்டில் வெட்டி, மை தடவி, காகிதத்தில் எடுத்தவை. ஒன்றில் பட்டுச் சட்டை போட்ட பன்றி ஒன்று கை நீட்டி முத்தம் வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு நோஞ்சான் கூரை அகலத்துக்குத் தொப்பி வைத்திருந்தான், அது சாயாமல் நான்கு பேர் கழி ஊன்றித் தாங்கினார்கள்.

"பெருமே. எல்லாம் பெருமே" என்று முசே தமக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் இவற்றில் தங்கள் முகத்தைப் பார்த்து, வெட்கப்பட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு வெளியே தலை காட்டாமல் கிடந்தார்களாம். நிஜமோ, கிழவர் அளந்தாரோ. கன்னியப்பன் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"செம்புல வெட்டறது நமக்குத் தெரியாததா? வெட்கப்பட்டாங்களாம்டா கண்ணையா! சன்னலச் சாத்திக்கினாங்களாம்! நம்ம ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், நம்ம படத்தப் பாத்து வெட்கப்பட்டுட்டான்னா போதும்டா. நான் பொறந்ததுக்கு அது போதும்."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தகட்டிலிருந்து படத்தைக் காகிதத்தில் இறக்க இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்க வேண்டும். அந்த எந்திரத்துக்கு எங்கே போவது? பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் உடைந்துபோன கரும்பு பிழிகிற எந்திரம் கிடைத்தது. அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கடைக்குள் நிறுத்தினார். அதன் பிறகு அண்ணனுக்கு உட்கார இடமில்லை. தெருவில் உட்கார்ந்து வெட்டினார். எழுத்தை இடவலம் மாற்றி வெட்டினால்தான் காகிதத்தில் நேராக விழும் என்று கற்றுக்கொள்ளவே ஒரு மழைக்காலம் போயிற்று. உருளையில் ஊறியிருந்த கரும்புச்சாறு காகிதத்திலும் ஏறியது. முதல் படங்களை எறும்பு மொய்த்துவிட்டது.

முதல் படத்துக்கு ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஜனங்கள் உட்காரட்டும் என்று ஜானகிராமன் ஒரு கல்பெஞ்சு போட்டிருந்தார். அதில் 'ஜானகிராமன் உபயம்' என்று முழ உயர எழுத்து. யாராவது உட்கார்ந்தால் பெயர் மறைந்துவிடும். அதனால் சாயங்காலங்களில் அவரே குடையோடு வந்து நின்று, உட்காருகிறவர்களை எழுப்பி விட்டுக்கொண்டிருப்பார். கன்னியப்பன் அண்ணன் அவரை ஆட்டுக்கடாவாகப் போட்டார். தலைப்பாகை கட்டிய கடா ஒன்று பெஞ்சின் மேல் ஏறி நின்று தன் பெயரைத் தானே நக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார இடமில்லாமல் ஒரு கர்ப்பிணி நிற்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, கடாவின் முழியில் ஜானகிராமன் அப்படியே இருந்தார்.

படத்தை அவர் மார்க்கெட் சுவரில் ஒட்டிவிட்டு வந்ததும் அண்ணன் மனைவி தனக்கொடி அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் குடியிருந்த வீடு ஜானகிராமனுடையது.

"ஒங்களுக்கு ஏன் இந்த வேல? காலையில வந்து வூட்டக் காலி பண்ணுன்னா எங்க போறது?" என்று அழுதாள். சட்டி பானையை மூட்டை கட்டி வாசலிலேயே வைத்தாள். அண்ணன் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, ஒரு பெரிய மனுஷன் வெட்கப்பட்டு வருவதைப் பார்க்கத் தயாராக உட்கார்ந்தார்.

ஜானகிராமன் வந்தார். கையில் சுவரிலிருந்து கிழித்த படம். முகம் இறுகியிருந்தது.

"கன்னியப்பா. இது நான்தானே?"

"ஆமாம் மொதலாளி."

"நெனச்சேன். நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா கொம்பு கொஞ்சம் சின்னதா இருக்குது. என் தகுதிக்கு இது போதுமா, நீயே சொல்லு. அப்பறம் கீழ என் பேரு எங்க? யாருன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரிய வாணாமா?"

"மொதலாளி, அது ஆடு" என்றார் அண்ணன் ஈனஸ்வரத்தில்.

"தெரியுது. கடா. எவ்ளோ கம்பீரமா நிக்குது பாரு" என்றார் ஜானகிராமன். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கரும்போடு ஒரு படம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த மூட்டையைப் பார்த்து, "எங்க, ஊருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதில் தொடங்கியது. ஜானகிராமனுக்குப் படம் வந்துவிட்டது என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெயர் வெட்டுகிற கையால் வெட்டியது, செம்பில் வெட்டியது, கீழே பெயர் வேறு இருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் அது கௌரவம். மேலே என்ன உருவம் இருந்தால் என்ன? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா ராமலிங்கம். மார்பு நிறைய மெடல் குத்திக்கொண்டுதான் மீன் வாங்கப் போவார். அண்ணன் அவரை ஆமையாகப் போட்டு, மெடல்களை ஓட்டின் மேல், முதுகில் குத்திவிட்டார். தாண்டிப் போன பிறகும் ஜனங்கள் பார்க்கட்டுமே என்கிற நக்கல். படம் வந்த மறுவாரம் சொல்தா தெருவில் நடந்து போனார். மார்பில் மெடல் இல்லை. முதுகில் இருந்தது.

"மெர்சி கன்னியப்பா! பட்டாளத்துல இத்தன வருஷம் இருந்தேன், இந்த யோசன ஒரு கொமாந்தாங்குக்கும் வரல" என்று கடைக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டாளத்து அதிகாரியைத்தான் அப்படிச் சொன்னார். அன்று முழுக்கக் கன்னியப்பன் அண்ணன் சாப்பிடவில்லை.

அரிகிருஷ்ணன் என்று மேரியில், அதாவது நகரசபையில், ஓர் உறுப்பினர். ஐம்பத்து நாலு அக்டோபர் வரைக்கும் துரைகளோடு விருந்து சாப்பிட்டவர், துரைகள் போன நவம்பரில் தியாகி ஆனவர். அவருக்கு இரட்டைத் தலை எருமை. ஒரு தலையில் துரைத் தொப்பி, ஒரு தலையில் கதர்க் குல்லாய், விழுகிற ஒற்றை மாலைக்கு இரண்டும் முட்டிக்கொள்கின்றன. அவர் வந்து சண்டை பிடித்தார், உண்மைதான். மாலை ஒன்றுதானா என்பது அவர் சண்டை. இரண்டாக்கிக் கொடுத்த பிறகுதான் போனார்.

இந்தப் படங்கள் எல்லாம் சட்டம் போட என்னிடம்தான் வரும். அதனால் சொல்கிறேன், ஒருத்தர் முகத்திலும் ஒரு சுளிப்பு இருந்ததில்லை. நெல்லித்தோப்பிலிருந்து ஒரு கூட்டமே திரண்டு வந்தது. "முத்தியால்பேட்ட ஆளுங்களையே போடறியே, நாங்க மட்டும் இன்னா கெட்டுப் போயிட்டோம்? எங்க தெருவுல ஒருத்தரைக்கூட இன்னும் நீ அசிங்கப்படுத்தல" என்று நியாயம் கேட்டார்கள். அண்ணன் வேண்டுமென்றே அவர்களைச் சாக்கடை எலிகளாகப் போட்டார். இனிப்பு வாங்கிவந்து கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, பையனின் அப்பா என்ன பிராணி என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். எருமை வீட்டுப் பையனுக்கு எலி வீட்டில் பெண் எடுப்பதா என்று ஒரு சம்பந்தம் முறிந்தே போயிற்று.

நான் காக்கை. படச்சட்டத்துக்குள் உட்கார்ந்து தன்னைத் தானே விலை பேசிக்கொள்ளும் காக்கை. கழுத்து வளைவு பிரமாதம் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணன் நாளுக்கு நாள் குரூரமாகப் போட்டார். ஜானகிராமனைச் சாணி உருட்டும் வண்டாக வெட்டினார். "என் ஒழப்பக் காட்டிட்ட" என்று கண் கலங்கினார் ஜானகிராமன். ராத்திரிச் சோறு இறங்காமல் அண்ணன் ஸ்பானியாக்காரன் படங்களை விரித்து வைத்துக்கொண்டு, "இவன் என்னடா பண்ணான்? எப்பிடிடா வெட்கப்பட வெச்சான்?" என்று கேட்பார். அங்கேயும் எல்லாரும் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அந்த மனுஷன் மட்டும் தோற்றுப்போனவன் முகத்தோடு நடமாடினார். வேடிக்கையாக ஆரம்பித்தது எனக்கே பாவமாக இருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம், வருகிற ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேரப்போகிறது என்று ஊர் கோலாகலப்பட்டது. முத்தியால்பேட்டை சார்பில் ஒரு பெரிய படம் வேண்டும் என்றார்கள். ஊர்வலப் படம், ஊரில் உள்ள எல்லாரும் அதில் வர வேண்டும்.

"இதுதாண்டா கடைசி. மொத்த ஊரையும் ஒரே தகட்டுல நிக்க வெக்கறேன். அதுல ஒருத்தனாவது வெட்கப்படாம போயிடுவானா?" என்றார் அண்ணன்.

கதவு அகலத்துக்குச் செம்புத் தகடு வாங்க வேண்டியிருந்தது. தனக்கொடி அண்ணியின் கழுத்துச் சங்கிலியை விற்றுத்தான் வாங்கினார். அண்ணி மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். அவளுக்கு அவர் தொழிலில் அப்படி ஒரு மதிப்பு. ஆனி மாசம் அவள் அண்ணன் மகளுக்கு நெல்லித்தோப்பில் கல்யாணம் வந்தது. தாலிக்கயிறு மட்டும் தெரியும் கழுத்தோடு அத்தைக்காரி போய் நிற்க முடியுமா? பக்கத்து வீட்டு ராஜாம்பாளிடம் ஒரு சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். நம் வீடுகளில் நடக்காததா? ஆனால் ராஜாம்பாளுக்கு நகை மேல் உயிர். அழைப்பில்லாத கல்யாணத்துக்கு அவளும் கிளம்பி வந்தாள். அண்ணி மணமேடைக்குப் போனால் பின்னால் நின்றாள், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாள், கை கழுவப் போனாலும் கூடப் போனாள். கன்னியப்பன் அண்ணன் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்து, எனக்கும் நடித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி படத்தை மணிக்கூண்டுக்கு எதிரே பந்தலில் மாட்டினார்கள். ஊர்வலத்தின் நடுவில் ஒரு யானை. யானையும் ஜானகிராமன், அதன் மேல் எழுந்தருளிய சாமியும் ஜானகிராமன், கீழே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறவரும் ஜானகிராமன். எருமை, ஆமை, எலிகள், நான், எல்லாரும் இருந்தோம். ஒவ்வொருத்தருக்குக் கீழேயும் பெயர். கூட்டம் கைதட்டியது. அதிர்வேட்டுப் போட்டார்கள். ஜானகிராமன் மூன்று இடத்தில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டு அண்ணனுக்கு மாலை போட்டார். அண்ணன் அந்த மாலையோடு கடைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் என் கடையில் சட்டம் போட நிற்க இடமில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் தனக்கொடி அண்ணி வந்தாள். கையில் ஒரு படம், சுருட்டி முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"தம்பி, இதுக்கும் ஒரு சட்டம் போட்டுக் குடு. எங்க அண்ணன் பொண்ணுக்குக் குடுக்கணும். மாமன் போட்டதுன்னு வூட்ல மாட்டிக்கட்டும்."

"நீங்க இன்னும் பாக்கலியா அண்ணி?"

"பந்தல்ல எங்க பாக்க வுட்டாங்க? கடையில சுருட்டி வெச்சிருந்தத அப்படியே எடுத்தாந்துட்டேன். நீ காட்டேன்."

மேசையில் விரித்தேன். ஜானகிராமன் ஜானகிராமனைக் கும்பிடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் காக்கையை நானே காட்டினேன். "நல்லா இருக்குது தம்பி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை, அவளே வெட்டியது மாதிரி. பிறகு நான்தான், என் வாய் சும்மா இருக்காமல், மூலையைக் காட்டினேன்.

"இந்தக் கோழியப் பாருங்க அண்ணி. இதுதான் ஊர்லயே எல்லாருக்கும் புடிச்சிருக்குது. கழுத்துல இரவல் சங்கிலி. சங்கிலிக்குச் சொந்தக்காரக் கோழி பின்னாலயே அதோட நுனியப் புடிச்சிக்கினு வருது."

அண்ணி குனிந்தாள். சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. அண்ணிக்கு வலக் காது கொஞ்சம் மந்தம், யார் பேசினாலும் இடப்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்பாள். கோழி அப்படித்தான் தலையைச் சாய்த்திருந்தது. அண்ணிக்கு மூக்கோரம் ஒரு மச்சம். கோழியின் அலகோரத்தில் ஒரு புள்ளி. ஊரில் எவரையும் அவர் அவ்வளவு அழகாக வெட்டியதில்லை.

"மச்சத்தக்கூட வுடல" என்று மெல்லச் சொன்னாள். உள்ளங்கையை வைத்துக் கோழியை மறைத்தாள். அவள் முகம் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது, கண் கலங்கியது. "எல்லாரும் பாத்தாங்களா தம்பி?"

நான் அளவுகோலைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"சட்டம் வாணாம்" என்று சொல்லிவிட்டு, படத்தை அப்படியே போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தெருவைத் தாண்டிப் போய் அண்ணன் முன்னால் நின்றேன்.

"அண்ணே. ஒருத்தர் வெட்கப்பட்டுட்டாங்க."

துள்ளி எழுந்தார். இடுப்பு வேட்டி நழுவியதுகூடத் தெரியவில்லை. "யாருடா? ஜானகிராமனா? அரிகிருஷ்ணனா? நெசமாவா? தல குனிஞ்சாங்களா?"

"குனிஞ்சாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சி."

"அழுதாங்களா!" அவர் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை பார்த்ததில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எந்த உருவம்டா? யானையா?"

"கோழி."

"கோழியா? அது யாரும் இல்லியே. மூல சும்மா இருந்துச்சி. கைக்கு வந்தத வெட்டுனேன். அதுக்குப் பேருகூடப் போடலியே."

"தகட்டுல நல்லாப் பாருங்க. அந்த மச்சத்தப் பாருங்க."

தகட்டை இழுத்து வைத்துக் குனிந்தார். கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்தார். அதற்குள் அண்ணி தூக்குச்சட்டியோடு வந்துவிட்டாள். தினமும் அந்த நேரத்துக்குச் சோறு கொண்டுவருவாள். அன்றைக்கும் கொண்டுவந்தாள். சட்டியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஒருத்தராவது வெட்கப்படணும், வெட்கப்படணும்னு சொல்லிக்கினே இருந்தீங்களே. நான் பட்டுட்டேன். போதுமா?"

"தனக்கொடி, நான் உன்ன நெனச்சிப் போடலடி."

"அதான் தெரியுதே, நெனக்கலன்னு" என்றாள்.

அப்போது ஒரு ரிக்ஷா வந்து நின்றது. ஜானகிராமன் மனைவி அமிர்தவல்லி இறங்கினாள். கழுத்தில் நாலு வடம், கையில் படம். அண்ணியையோ என்னையோ அவள் கண்டுகொள்ளவில்லை.

"கன்னியப்பா, வூட்டுக்காரரு மூணு எடத்துல இருக்காரு. நான் ஒரு எடத்துலகூட இல்லியேன்னு ராத்திரி பூரா தேடுனேன். இந்த மூலையில சங்கிலி போட்டிருக்கற கோழி நான்தானே? இருக்கறதுலயே லட்சணமா இருக்குதே, வேற யாரா இருக்கும்? எம் பேர வெட்ட மறந்துட்ட."

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். தண்ணீரில் மூழ்குகிறவருக்குக் கட்டை கிடைத்த மாதிரி அவர் முகம் தெளிந்தது.

"ஆமாம்மா. நீங்கதான். மறந்துதான் போயிட்டேன்."

"போட்டுடு அப்ப. ஆனா எனக்கு மச்சம் இல்லியே?" கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. மையால வெச்சிக்கறேன்."

அண்ணன் உளியை எடுத்தார். இடவலம் மாற்றி, ஒவ்வோர் எழுத்தாக, அமிர்தவல்லி என்று கோழிக்குக் கீழே தட்டினார். அவ்வளவு வேகமாக அவர் பெயர் வெட்டி நான் பார்த்ததில்லை. அமிர்தவல்லி இருந்து பார்த்து, திருப்தியாக ரிக்ஷா ஏறினாள். அந்தக் கடைசி எழுத்தின் தூசியை ஊதிவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட முகத்தோடு அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? இனிமே அது நீன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது."

அண்ணி தலையை இடப்பக்கம் சாய்த்து அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, தகட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"சங்கிலிதான் இரவல்னு இருந்தேன். இப்ப எம் மொகத்தையும் இரவல் குடுத்துட்டீங்களே."

சட்டியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கன்னியப்பன் அண்ணன் உளியைக் கீழே வைத்தார். அவர் தலை தானாகக் குனிந்தது. கடைக்குக் கதவு கிடையாது, வெறும் தட்டிதான். அதை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.